வயிற்றில் ஒரு பை, முன்னால் ஒரு வாழ்நாள்

(கள்ளக்குறிச்சியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளை நம் ஊர் மேடைகளில் யாரும் பேசுவதில்லை. குடல் நோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஓர் இளைஞன், ஓர் இளம்பெண், அதற்குப் பிறகு எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படித் தூங்குகிறார்கள், எப்படி பஸ் ஏறுகிறார்கள், எப்படிக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள்? அதுதான் பொருள்.

சர்க்கரை நோயைப் பற்றி நாம் பேசுகிறோம். இரத்தக் கொதிப்பைப் பற்றிப் பேசுகிறோம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து அந்தக் கதையை நாலு பேருக்குச் சொல்கிறார். வயிற்றில் பை வைத்துக்கொண்டவர் சொல்வாரா? அவர் பந்திக்கே வருவதில்லை. கேட்டால், "உடம்புக்கு முடியல" என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் ஓர் இளம் வயது முழுவதும் அறைக்குள் கழிகிறது.

நான் அறுவை மருத்துவன். கத்தியை வைத்து நோயை எடுப்பது எங்கள் தொழில். தையல் போட்டு, கட்டுப் பிரித்து, "வீட்டுக்குப் போகலாம்" என்று எழுதிக் கொடுத்தால் எங்கள் கணக்கில் வேலை முடிந்தது. அந்த இளைஞனின் கணக்கில் அன்றுதான் வேலை தொடங்குகிறது. அந்தக் கணக்கைத்தான் இன்று உங்கள் முன்னால் விரிக்கிறேன்.

முதலில், இது யாருக்கு வருகிறது? "குடலில் ஆபரேஷன்" என்று சொன்னவுடனேயே நம் ஊரில் குரலைத் தாழ்த்தி, "கேன்சரா?" என்று கேட்பார்கள். கேன்சரும் உண்டு. ஆனால் இருபது, இருபத்தைந்து வயதில் என்னிடம் வருகிறவர்களுக்குப் பல காரணங்கள். பெருங்குடல் முழுக்கப் புண்ணாகி இரத்தமாகப் போகும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரக்கூடிய குரோன்ஸ் நோய். இந்த இரண்டும் பெரும்பாலும் பதினைந்திலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள் தலைகாட்டுபவை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் குடலைத் தாக்குவதால் வருபவை. பிறகு குடல் காசநோய். இது குரோன்ஸ் நோயைப் போலவே தோற்றம் காட்டும். எது எது என்று பிரிப்பதில் இந்திய மருத்துவர்கள் இன்றும் திணறுகிறார்கள். டைபாய்டு முற்றிக் குடலில் ஓட்டை விழுந்தவர்கள் உண்டு. குடல் முறுக்கிக்கொண்டவர்கள் உண்டு. பைக் விபத்தில் வயிற்றில் அடிபட்டவர்கள் உண்டு. இதில் எது இவர்களுடைய குற்றம்? எது இவர்களுடைய ஒழுக்கக்கேடு? எதுவும் இல்லை. பெரும்பாலானவை ஒட்டுவாரொட்டியும் இல்லை; காசநோய்கூட மருந்து ஒழுங்காக ஆரம்பித்துவிட்டால் மற்றவருக்குப் பரவும் அபாயம் வேகமாகக் குறைந்துவிடும்.

இந்த அறுவையில் என்ன செய்கிறோம்? கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுக்கிறோம். மிச்சமிருக்கும் இரண்டு முனைகளைச் சேர்த்துத் தைக்க முடிந்தால் தைக்கிறோம். முடியாதபோது, குடலின் முனையை வயிற்றுச் சுவரில் ஒரு சிறு துளை வழியே வெளியே எடுத்து, தோலோடு தைத்துவிடுகிறோம். அதுதான் குடல்வாய், மருத்துவமனையில் ஸ்டோமா என்பார்கள். மலம் அந்த வழியே வந்து ஒரு பையில் சேரும். சிலருக்கு அது மூன்று மாதம், ஆறு மாதம். பிறகு உள்ளே சேர்த்துவிடலாம். சிலருக்கு ஆயுள் முழுவதும். பெருங்குடலை முழுக்க எடுத்தவர்களில் சிலருக்குச் சிறுகுடலை மடித்துத் தைத்து உள்ளுக்குள்ளேயே ஒரு பை செய்து ஆசனவாயோடு இணைக்கும் முறையும் இருக்கிறது. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் பார்க்ஸும் நிக்கல்ஸும் 1978-இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். வெளியே பை இருக்காது. ஆனால் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும். அது அவர்களுடைய புதிய இயல்பு.

குடல்வாய் பார்ப்பதற்கு எப்படி இருக்கும்? சிவப்பாக, ஈரமாக, நம் உதட்டின் உட்புறம் மாதிரி இருக்கும். தொட்டால் வலிக்காது; அங்கே வலியை உணரும் நரம்பு கிடையாது. கழுவும்போது ஒரு சொட்டு இரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம். முதல் ஆறு, எட்டு வாரங்களில் வீக்கம் வடிந்து அது சிறியதாகும். பையின் துளையையும் அதற்கேற்ப அளந்து வெட்ட வேண்டும். இதையெல்லாம் மருத்துவமனையில் சொல்லிக்கொடுக்க அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி நேரம் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

இப்போது ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். வயது இருபத்திரண்டு. ஊர் கல்வராயன் மலைமேல். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது இரத்தப்போக்கு ஆரம்பித்தது. மூலம் என்று நாட்டு மருந்து கொடுத்தார்கள். எடை பாதியாகிப் போனபிறகு கீழே கொண்டுவந்தார்கள். இந்த மாவட்டத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போகிற பாதைகளை உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2024 ஜூனில் கள்ளச்சாராயத்தால் இந்த ஊர் பட்ட துயரத்தின்போது நம் மக்களை எங்கெங்கே ஏற்றிக்கொண்டு போனார்கள்? சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர். குடல் நோயாளிகளும் அதே பாதையில்தான் போகிறார்கள். அங்கே அவள் பெருங்குடலை எடுத்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். நல்லது. கையில் இரண்டு மூன்று பைகளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கச்சிராயபாளையம் தாண்டி, மலைப் பாதையில் வளைந்து வளைந்து வீடு வந்து சேர்ந்தாள்.

அந்த இரண்டு மூன்று பையும் தீர்ந்தபிறகு?

ஒரு பையை மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாள் வைத்திருக்கலாம். ஒன்றின் விலை சில நூறு ரூபாய். மலையில் எந்தக் கடையில் அது இருக்கும்? கீழே இறங்கி வந்தாலும் எல்லா மருந்துக் கடையிலும் இருக்காது; "ஆர்டர் போட்டுத் தருகிறேன், அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். அந்த ஒரு வாரத்துக்கு என்ன செய்வது? பாலிதீன் கவரை வைத்து இடுப்பில் துணியால் கட்டிக்கொள்கிறார்கள். பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்கிறார்கள். சிறுகுடலிலிருந்து வருகிற நீர் சும்மா அழுக்கு நீர் இல்லை. உணவைக் கரைக்கிற அத்தனை செரிமானச் சாறும் அதில் இருக்கிறது. அது தோலில் பட்டால் தோலையே கரைக்கும். இரண்டே நாளில் குடல்வாயைச் சுற்றித் தீக்காயம் பட்டதுபோல் ஆகிவிடும். அந்தப் புண்மேல் புதுப் பை ஒட்டாது. ஒட்டாததால் மறுபடி கசியும். கசிவதால் மறுபடி புண்.

பிறகு அவள் என்ன செய்வாள்? சாப்பாட்டைக் குறைப்பாள். அன்பர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். சாப்பிட்டால்தானே வரும், சாப்பிடாவிட்டால் வராதே என்று நினைக்கிறாள். ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் போக வேண்டுமென்றால் முதல் நாளே பட்டினி. பரீட்சை எழுதப் போக வேண்டுமென்றால் காலையில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. நோய் தின்ற உடம்பு தேறி வரவேண்டிய நேரத்தில், ஒரு பையை மிச்சம்பிடிப்பதற்காக ஓர் இளம்பெண் பட்டினி கிடக்கிறாள். இந்தப் பட்டினி எந்த மருத்துவமனை ஏட்டிலும் பதிவாவதில்லை. என்னிடம் கேட்டால், குடல் அறுவைக்குப் பின்னால் நம் பகுதி இளைஞர்களை வாட்டுகிற முதல் நோய் இதுதான் என்பேன்.

இந்தத் துன்பம் உலகில் நமக்கு மட்டும் வந்ததா? வரவில்லை. டென்மார்க்கில் எலீசே சோரன்சன் என்று ஒரு நர்ஸ் இருந்தார். அவருடைய தங்கை தோராவுக்கு வயது முப்பத்திரண்டு. குடல் அறுவை முடிந்து வயிற்றில் குடல்வாய். அந்தக் காலத்தில் துணி, ரப்பர், உலோகக் கிண்ணம் இவற்றைத்தான் பெல்ட் போட்டுக் கட்டிக்கொள்வார்கள். கசியும், நாறும். தோரா வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். அக்கா பார்த்தார். 1954-இல் அவருக்கு ஒரு யோசனை வந்தது: மெல்லிய பிளாஸ்டிக் பை, தோலில் ஒட்டிக்கொள்ளும் விளிம்பு, நிறைந்ததும் எடுத்தெறிந்துவிடலாம். பிளாஸ்டிக் தயாரிப்பாளர் ஓகே லூயிஸ் ஹான்சனிடம் போனார். அவர் முதலில் முடியாது என்றார். அவருடைய மனைவி யோஹானேயும் நர்ஸ். இந்தப் பை நோயாளிக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று அவருக்குத் தெரியும். கணவரை விடாமல் வற்புறுத்திச் செய்யவைத்தார். 1957-இல் அதற்கென்றே ஒரு கம்பெனி பிறந்தது. இன்று கோலோபிளாஸ்ட் என்ற பெயரில் உலகெங்கும் பை விற்கிறது. யோசித்துப் பாருங்கள். உலகத்தின் எத்தனையோ லட்சம் பேர் இன்று வெளியே நடமாடுகிறார்கள் என்றால், ஓர் அக்கா தன் தங்கையை வீட்டுக்குள் முடங்கவிட மறுத்ததுதான் காரணம்.

இன்னொரு செய்தி, இது நம் மலைகளுக்குச் சொந்தமான செய்தி. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கிளீவ்லாண்டில் டர்ன்புல் என்ற அறுவை மருத்துவர் குடல்வாயைச் சுற்றிய புண்ணுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். அவர் கையில் கிடைத்தது கராயா பிசின். ஈரத்தை உறிஞ்சும், தோலில் ஒட்டும், தோலைக் காக்கும். அந்தப் பிசின் எங்கிருந்து போனது? இந்தியாவின் வறண்ட காடுகளில் வளரும் ஒரு மரத்திலிருந்து! கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஆந்திரப் பகுதியில் பழங்குடி மக்கள் இன்றும் அதைச் சேகரித்து விற்கிறார்கள். நம் கல்வராயனும் அதே மலைத்தொடரின் ஓர் அங்கம்தான். இந்த மலைத்தொடரிலும் கிடைக்கிற பிசின் கடல் தாண்டிப் போய் அமெரிக்க நோயாளியின் தோலைக் காத்தது. அதே மலைத்தொடரில் பிறந்த பெண் இன்று பாலிதீன் கவரைக் கட்டிக்கொள்கிறாள். இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உங்களால் முடிகிறதா?

அதே டர்ன்புல், தன்னிடம் வைத்தியம் பெற்ற நார்மா கில் என்ற பெண்ணை 1958-இல் வேலைக்கு அமர்த்தினார். அந்த அம்மாள் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸால் வயிற்றில் பை வைத்துக்கொண்டவர். புது நோயாளியின் கட்டிலருகே போய் உட்கார்ந்து, எப்படி அளப்பது, எப்படி ஒட்டுவது, எப்படிப் பயப்படாமல் தூங்குவது என்று சொல்லிக்கொடுப்பதே அவர் வேலை. மூன்றே ஆண்டில் அது ஒரு பள்ளியாக வளர்ந்தது. ஸ்டோமா நர்ஸ் என்று உலகெங்கும் இன்று ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. அதன் தொடக்கம் அங்கேதான். நம் நாட்டில் மும்பை டாடா நினைவு மருத்துவமனை இந்தப் பயிற்சியைத் தருகிறது. அதே மும்பையில் இந்திய ஆஸ்டமி சங்கம் பல பத்தாண்டுகளாக இவர்களுக்காக உழைக்கிறது.

சரி, பை கிடைத்துவிட்டது, ஒட்டத் தெரிந்துவிட்டது. அடுத்து சாப்பாடு. "டாக்டர், என்ன சாப்பிடக்கூடாது?" இதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. நான் சொல்வேன்: அதற்கு முன்னால் என்ன குடிக்க வேண்டும் என்று கேளுங்கள்.

பெருங்குடலின் தலையாய வேலை தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சி உடம்புக்குத் திருப்பிக் கொடுப்பது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் அது மீட்டுத் தருகிறது. அதை எடுத்துவிட்டால் அந்தத் தண்ணீரும் உப்பும் பையில் போய்விடும். சித்திரை வெயிலில், அக்கினி நட்சத்திரத்தில், சங்கராபுரத்துக் கரும்புக் காட்டில் வேலை செய்கிற இளைஞனுக்கு வியர்வையிலும் போகும், பையிலும் போகும். அவன் என்ன செய்கிறான்? தாகம் எடுக்கிறது, வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கிறான். அதிகமாகப் போகும் நேரத்தில் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்பில்லாத தண்ணீர் குடலில் நிற்காமல், உள்ளே இருக்கும் உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். கை கால் இழுக்கும், தலை சுற்றும், சிறுநீர் குறையும். மருந்துக் கடைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடைக்கிற உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் அவன் சட்டைப் பையில் எப்போதும் இருக்க வேண்டும். அது இல்லாத நேரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு பிசகக் கூடாது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி நல்லது. உப்புப் போட்ட மோர், ஒத்துக்கொள்கிறவர்களுக்கு நல்லது. நம் பாட்டிமார் பேதி வந்த பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொடுத்தார்களே, அந்தக் கை அளவில் பெரிய மருத்துவம் இருந்தது.

இனி சாப்பாடு. வெளியே வருவது நீராகப் போனால் அதைக் கெட்டிப்படுத்தும் உணவு எது என்று வெளிநாட்டு மருத்துவக் கையேடுகளைப் பாருங்கள். அரிசிச் சோறு, வாழைப்பழம், உருளைக்கிழங்கு என்று போட்டுவிட்டு, மரவள்ளி மாவில் செய்த பண்டம் என்று போட்டிருப்பார்கள். மரவள்ளி! கல்வராயன் மலைச் சரிவிலும் சின்னசேலம் பக்கத்திலும் காணுமிடமெல்லாம் நிற்கிற மரவள்ளி! அந்தக் கிழங்கிலிருந்து வரும் ஜவ்வரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி, உப்புப் போட்டுக் குடித்தால் போதும். எங்கோ கடையில் டப்பா வாங்க வேண்டியதில்லை. கிழங்கை நன்றாக வேகவைத்து, நடுவில் இருக்கும் நாரை எடுத்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை நார் உள்ளவை. முதல் ஆறு வாரம் தவிர்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, மென்று மென்று சாப்பிட வேண்டும். பலாச்சுளையின் சடை, முருங்கைக்காய்ச் சக்கை, மக்காச்சோளம், தேங்காய்ப் பத்தை, வேர்க்கடலை, காளான். கரும்பை மென்றால் சாற்றை விழுங்குங்கள், சக்கையைத் துப்புங்கள். பலா காய்க்கிற மலையில் பலாவைத் தொடாதே என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு சுளையைச் சடை நீக்கி, நன்றாக மென்று, அடுத்த நாள் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஆறு மணி நேரத்துக்குப் பையில் எதுவுமே வராமல், வயிறு முறுக்கி, வாந்தியும் வந்தால் அது அடைப்பு. உடனே மருத்துவமனை. அந்த நேரத்தில் பெரியவர்கள் பரிவோடு பேதி மருந்து கொடுத்துவிடுவார்கள். தாய்மார்களே, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், கொடுக்காதீர்கள். சிறுகுடலில் வாய் வைத்தவருக்குப் பேதி மருந்து எந்தக் காலத்திலும் ஆகாது.

மாத்திரையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மெதுவாகக் கரைவதற்கென்று மேலுறை போட்ட சில மாத்திரைகள் கரையாமலே பையில் வந்து விழும். மாத்திரையை முழுசாகப் பார்த்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாற்றித் தருவார். சிறுகுடலின் கடைசிப் பகுதியை அதிகம் எடுத்தவர்களுக்கு வைட்டமின் பி12 உடம்பில் சேராது. ஊசியாகத்தான் போட வேண்டும். அதை விட்டுவிட்டால் சோகை வரும், நரம்பு கெடும்.

நண்பர்களே, இதுவரை உடம்பைப் பற்றிச் சொன்னேன். உடம்பு பழகிவிடும். மனம் பழகுவதுதான் கடினம். ஏன் கடினம்? ஊர் பார்க்கும் பார்வையால்.

பொது இடத்தில் பையோடு நிற்பது அவமானமா? தமிழ்நாட்டுக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. தந்தை பெரியார் தன் கடைசிக் காலத்தில் சிறுநீர் போக வயிற்றில் குழாய் வைத்து, அதோடு இணைத்த பையைச் சுமந்துகொண்டுதான் ஊர் ஊராகப் போனார். மேடை ஏறினார். மணிக்கணக்கில் பேசினார். 1973 டிசம்பர் 19-ஆம் தேதி சென்னை தியாகராய நகரில் கடைசிக் கூட்டம். 24-ஆம் தேதி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மறைந்தார். வயது தொண்ணூற்று நான்கு. அவருடைய கொள்கையை ஏற்றவர்களும் ஏற்காதவர்களும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். ஆனால் அந்தப் பையைப் பார்த்து எந்தத் தமிழன் முகம் சுளித்தான்? தொண்ணூற்று நான்கு வயதுப் பெரியவர் பையோடு மேடையில் நின்றதை மதித்த இந்த ஊர், இருபத்திரண்டு வயதுப் பிள்ளை பையோடு பஸ்ஸில் நிற்பதை ஏன் மதிக்கக் கூடாது?

விளையாட்டு வீரர்களைச் சொல்லட்டுமா? அமெரிக்கக் கால்பந்தில் ரோல்ஃப் பெனிர்ஷ்கே. 1979-இல், இருபத்து நான்கு வயதில், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் முற்றிப் பெருங்குடலை எடுத்தார்கள். சாவின் விளிம்பு வரை போனார். வயிற்றில் பையோடு அடுத்த ஆண்டே களத்தில் இறங்கினார். மான்செஸ்டர் யுனைடெட்டின் டேரன் ஃபிளெட்சர் அதே நோய்க்கு 2013 ஜனவரியில் அறுவை செய்துகொண்டு அந்த டிசம்பரிலேயே திரும்பவும் ஆடினார். அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்குப் பதவியில் இருக்கும்போதே, 1956 ஜூனில், குரோன்ஸ் நோய்க்குக் குடல் அறுவை நடந்தது. நவம்பரில் தேர்தலில் நின்று ஜெயித்தார். இவர்களுக்குப் பணமும் மருத்துவமும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தன என்பது உண்மை. அதனால்தான் சொல்கிறேன்: இந்த அறுவையோடு முழு வாழ்க்கை வாழ முடியும் என்பது நிரூபிக்கப்பட்ட செய்தி. நம் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை என்றால் குறை அவர்கள் உடம்பில் இல்லை.

வேலைக்குப் போகலாமா? போகலாம். முதல் இரண்டு மூன்று மாதம் கனமான எதையும் தூக்கக் கூடாது. தூக்கினால் குடல்வாய்ப் பக்கத்தில் குடலிறக்கம் வரலாம். அதற்குப் பிறகும் நெல் மூட்டை தூக்குவதற்கு முன்னால் மருத்துவரைக் கேளுங்கள், வயிற்றுக்குப் பட்டை கட்டுங்கள். குளிக்கலாமா? பையோடும் குளிக்கலாம், பை இல்லாமலும் குளிக்கலாம். நம் மலையில் இருக்கும் பெரியார் அருவியில் தலையைக் காட்டலாமா என்று கேட்டால், காயம் ஆறியபிறகு தாராளமாகக் காட்டலாம். அருவி நேராக வயிற்றில் அடிக்காமல் நில்லுங்கள். பைக் ஓட்டலாம். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்யுங்கள், இரவில் கசியாது. பையை மாற்றும்போது பழைய பையைக் கழிப்பறையில் போடாமல் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள்.

கல்யாணம்? பெற்றோர் என்னிடம் தனியே வந்து மெல்லிய குரலில் கேட்கும் கேள்வி இது. செய்துகொள்ளலாம். கூடி வாழலாம். பையோடு கருத்தரித்து, நல்லபடியாகப் பிள்ளை பெற்ற தாய்மார்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். உள்ளே பை செய்து இணைக்கும் அறுவையில் மட்டும், அடிவயிற்றில் தழும்பு விழுந்து கருக்குழாய் ஒட்டிக்கொள்வதால் இயல்பாகக் கருத்தரிப்பது சில பெண்களுக்குத் தாமதமாகலாம். அதனால் இளம்பெண்கள் அறுவைக்கு முன்பே இதை டாக்டரிடம் மனம் விட்டுப் பேச வேண்டும். பேச வேண்டிய பொறுப்பு டாக்டருக்கும் உண்டு. மறைத்துக் கல்யாணம் செய்யாதீர்கள். சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சொன்னவுடன் எழுந்து போகிற மாப்பிள்ளை வீட்டார், நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் எழுந்து போகிறவர்கள்தான்.

இப்போது நான் வந்த வேலைக்கு வருகிறேன். 2009-இல் தொடங்கிய அரசுக் காப்பீட்டுத் திட்டம் இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தாங்குகிறது. எத்தனையோ ஏழைகளின் குடலை அது காப்பாற்றியிருக்கிறது. அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் மருத்துவமனை வாசலைத் தாண்டியபிறகு மாதா மாதம் வேண்டிய பை? பெரும்பாலும் அது குடும்பத்தின் தலையில்தான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போடுகிறது. நிரந்தரக் குடல்வாய் அதில் இல்லை. ஜப்பானில் நிரந்தரக் குடல்வாய் உள்ளவருக்கு அரசு அடையாளச் சான்று கொடுத்துப் பைக்கு உதவித்தொகையும் தருகிறது. ரயில் நிலையக் கழிப்பறைகளில் பையைக் கழுவத் தனித் தொட்டியே வைத்திருக்கிறார்கள். நம் பஸ் நிலையக் கழிப்பறையில் ஒரு குழாயும், பையை மாட்ட ஓர் ஆணியும், உள்தாழ்ப்பாளும் இருந்தால் போதும்.

பை கொடுப்பது அரசுக்கு முடியாத காரியமா? வழி ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சிறுநீரகம் செயலிழந்து வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். எவ்வளவு உயர்ந்த காரியம்! அந்தக் கனமான பையை வீட்டு வாசலில் இறக்கிவைக்கிற அதே கை, ஓர் உறையில் அடங்கிவிடுகிற பத்துக் குடல்வாய்ப் பைகளையும் கொடுக்க முடியாதா? 2022 ஜனவரியில் திறந்த நம் சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரியில் பயிற்சி பெற்ற ஒரு ஸ்டோமா நர்ஸை அமர்த்த முடியாதா? கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கு மாதம் ஒருமுறை அந்த நர்ஸ் போய்வர முடியாதா? 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. சுதந்திரம் அங்கே தாமதமாகத்தான் ஏறியது. 2024 ஜூலையில் அந்த மக்களின் வாழ்நிலைக்காகச் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. சாலை கேட்கிறோம், பள்ளி கேட்கிறோம். அந்தச் சாலையில் இந்தப் பையும் ஏறட்டும்.

திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. மனு எழுதி வைத்திருக்கிறேன். மூன்றே கோரிக்கை: வீடு தேடிப் பை, மாவட்டத்துக்கு ஒரு ஸ்டோமா நர்ஸ், பஸ் நிலையத்தில் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறை. வரும் திங்கட்கிழமை அதைக் கொடுக்கப் போகிறோம். முதல் கையெழுத்து என்னுடையது. வெளியே போகும்போது கதவருகே மேசையில் அந்த மனு இருக்கும். உங்கள் கையெழுத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.